ஒன்றாம் எண் செருப்பு

என்னைக் கிரேனிலிருந்து கீழே இறக்கியது என் முதுகும் இல்லை, என் வயதும் இல்லை. கம்பெனி கக்கூஸ்.

இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரைக்கு மேல் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடி, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கரையில் வைக்கிற வேலையைப் பதினோரு வருஷம் செய்தவள் நான். லாரிகள் டிரைவர் இல்லாமல் ஓட ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகியும், காற்றில் ஆடுகிற பெட்டியைப் பிடித்து நிறுத்த இன்னும் ஓர் ஆள் மேலே வேண்டியிருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் அப்படி ஏறுகிற பெண்கள் முப்பத்துமூன்று பேர். அதில் மூத்தவள் நான், ஜெசிந்தா. ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை. எனக்கு இருக்கிற திமிருக்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து இறங்கியதும் மருத்துவ அறைக்கு வரச் சொன்னார்கள். கம்பெனி டாக்டர் அரங்கநாயகம் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். அவர் அறையில் அவருக்கு நாற்காலியே கிடையாது. யார் கூப்பிட்டாலும் கழுத்தைத் திருப்ப மாட்டார், முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். பெரிய படிப்புப் படித்த மிடுக்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பக்கத்தில் மேனேஜர் பிரசன்னா உட்கார்ந்திருந்தார். சென்னைப் பையன், முப்பத்திரண்டு வயது, சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"ஜெசிந்தா மேடம், உங்க ரிப்போர்ட் சிவப்பு," என்றார் பிரசன்னா.

"என்ன ரிப்போர்ட்?"

"டாய்லெட் ரிப்போர்ட். எட்டு வாரமா உங்க குடல்ல அழற்சி இருக்குன்னு மெஷின் காட்டுது. இன்னும் சில வருஷத்துல உங்க முதுகெலும்பு இறுகிப்போயிடும்னு கணிப்பு. பாலிசிப்படி அடுத்த திங்கள்லேர்ந்து உங்களைத் தரைப் பணிக்கு மாத்துறோம். உங்க நல்லதுக்குத்தான்."

மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனி எல்லாக் கழிப்பறையையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. பீங்கானுக்குள் ஒரு கருவி. நாம் கழிப்பதை அது சோதித்துவிடும். வியாதியை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தொழிலாளியைக் காப்பாற்றுவார்களாம். திறப்பு விழாவில் எங்களுக்கு லட்டுகூடக் கொடுத்தார்கள். காப்பாற்றுவது என்றால் இறக்கிவிடுவது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

"வயித்துக்கும் முதுகுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றேன். "எனக்கு வயிறும் நல்லாருக்கு, முதுகும் நல்லாருக்கு."

பிரசன்னா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மெதுவாகச் சொன்னார். "உடம்புக்குள்ள காவல்காரங்க மாதிரி அணுக்கள் இருக்கும்மா. கிருமி வந்தா அடிக்கிறது அதோட வேலை. கிருமி அதிகமா குடியிருக்கிற இடம் குடல். அதனால காவலும் அங்கதான் அதிகம். சில பேருக்குப் பிறப்புலேயே ஒரு மரபணுக் கோளாறு. குடல் சுவர் கொஞ்சம் கசிஞ்சாப் போதும், காவலுக்கு வெறி பிடிச்சிடும். அங்கேருந்து கிளம்பிப் போயி முதுகெலும்பு மூட்டுல அடிக்கும். அடிபட்ட இடத்துல புது எலும்பு வளரும். வைத்தியம் பாக்காம விட்டா, முதுகு மொத்தமும் ஒரே எலும்பா ஒட்டிக்கும். இப்படித்தான் நடக்குதுன்னு நினைக்கிறாங்க, இன்னும் முழுசாத் தெரியாது."

"வயித்து வலி இருக்காதா?"

"பல பேருக்கு இருக்காது. இந்த முதுகு வியாதி உள்ளவங்கள்ல பாதிப் பேருக்குக் குடல்ல அழற்சி இருக்கும், அவங்களுக்கே தெரியாம."

"அப்போ குடல்ல அழற்சி இருக்கிற எல்லாருக்கும் முதுகு போயிருமா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "இல்லை. அதை அப்படித் திருப்பிப் போடக் கூடாது. மெஷின் அப்படிப் போடுது."

"ரிஸ்க் ரிஸ்க்தான், டாக்டர்," என்றார் பிரசன்னா. மேலே ஒரு ஆள் முதுகு பிடித்துக்கொண்டால் கீழே எத்தனை பேர் உயிர் போகும் என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காலையில் எழும்போது முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கிறதா? உட்கார்ந்தால் வலி கூடி, நடந்தால் குறைகிறதா? குதிகால் வலிக்கிறதா? எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் இருந்ததா? இதையெல்லாம் அவர் தாளைப் பார்க்காமலே கேட்டார்.

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் என் கண் முன்னால் ஒருத்தி வந்து நின்றாள். ஷிப்டுக்கு அரை மணி முன்னதாக வந்து கேன்டீனைச் சுற்றிச் சுற்றி நடப்பவள். பஸ்ஸில் இடமிருந்தாலும் நின்றுகொண்டே வருபவள். போன வருஷம் கண் சிவந்து பத்து நாள் கறுப்புக் கண்ணாடியோடு அலைந்து, "என்னட்டி, மாப்பிள்ளை பாக்க வாராவளா?" என்று எங்களிடம் கிண்டல் பட்டவள். பேச்சித்தாய்.

"அது என்னோடதுதான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்க பாத்ரூம் செருப்புல எலக்ட்ரானிக் சில்லு இருக்கே," என்றார் பிரசன்னா. "உள்ள போகும்போது கதவு படிச்சுக்கும்."

சரி சார் என்று சொல்லி வெளியே வந்தேன்.

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் சில்லு வைத்த கம்பெனி பூட்ஸோடு கழிப்பறைக்குள் போவார்கள், அதே பூட்ஸோடு வெளியே வருவார்கள். எங்களால் அது முடியாது. கக்கூஸுக்குள் போட்ட காலணியோடு மேலே ஏறி, அதே கேபினில் டிபன் டப்பாவைத் திறப்பதா? சீ! அதனால் நாங்கள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனோம். கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள். ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பு கொடுத்து, இரண்டிலும் சில்லைப் பதித்து, எண் போட்டு, வாசலில் மூன்று தட்டு ஸ்டாண்டும் வைத்தார்கள். ஒன்றாம் எண் என்னுடையது, மேல்தட்டில், கதவை ஒட்டி. வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். பாத்ரூம் செருப்பை எந்த வீட்டிலாவது ஆள் பார்த்துப் போடுவார்களா? அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவதுதானே?

மறுநாள் காலை கேன்டீனுக்குப் போனேன். பேச்சித்தாய் வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதுப் பிள்ளை. காண்டிராக்டில் கிரேன் ஏறி ஒன்றரை வருஷம் ஆகிறது.

"ஏட்டி, நில்லு."

"நிக்க முடியாதுக்கா. நடந்துக்கிட்டே பேசுங்க."

நடந்துகொண்டே கேட்டேன். "நீ கக்கூஸுக்கு யார் செருப்பைப் போடுத?"

அவள் முழித்தாள். "உங்களோடதத்தான். ஏங்க்கா, கோவமா? எனக்கு முப்பத்துநாலாம் நம்பர், அடித்தட்டுல, தரையோட தரையாக் கெடக்கு. காலையில என்னால குனிய முடியல. உங்களோடது கைக்கு எட்டுற உசரத்துல இருக்கு."

நடை நின்றுவிட்டது. எனக்குத்தான் நின்றது, அவள் நடந்துகொண்டேயிருந்தாள். அவளைக் குனிய விடாத அதே வியாதிதான் என் செருப்பில் ஏறி, என் பெயருக்கு வந்திருக்கிறது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு ரெண்டு வருஷமாக இப்படித்தான் இருக்கிறது, ஈரக்காத்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன் என்றாள். வயிற்றில் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்றாள். அப்புறம் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"எக்கா, உங்களையா இறக்குதாவ? என்னாலயா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போய்ச் சொல்லிருங்கக்கா. அது பேச்சி வயிறுன்னு சொல்லிருங்க."

"சொன்னா உன்னை என்ன செய்வாவ தெரியுமா? எனக்காவது கீழ நாற்காலி போடுவாவ. நீ காண்டிராக்ட். கேட்டுக்கு வெளிய விட்டுருவாவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லச் சொல்லுத, கூறுகெட்டவளே!"

அவளைத் திட்டிவிட்டேனே தவிர, உண்மையைச் சொல்கிறேன், அன்று மத்தியானம் நான் ஆபீஸ் படி ஏறினேன். சொல்லிவிடலாம் என்றுதான் ஏறினேன். பதினோரு வருஷம்! மேலே உட்கார்ந்தால் கடல் எனக்குக் கீழே கிடக்கும். அதை விட்டுவிட்டு யாரோ ஒருத்தி குடலுக்காக நான் ஏன் தரையில் உட்கார்ந்து பெட்டி எண்ணைத் தட்ட வேண்டும்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதவில் கை வைத்தபோது பிரசன்னாவே திறந்தார்.

"சொல்லுங்க மேடம்?"

"குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டு, ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். என்னால் முடியவில்லை. கையால் எட்ட முடிந்த செருப்பை எடுத்துப் போட்டதைத் தவிர அவள் என்ன தப்புச் செய்தாள்?

அன்று மாலை பெண்கள் ஓய்வறையில் எல்லாரிடமும் சொன்னேன். லூர்து அக்கா எழுந்தாள். போன வருஷம் இதே மாதிரி சிவப்பு வந்து கீழே இறக்கப்பட்டவள். அவளோடு சேர்த்து நாங்கள் முப்பத்துநான்கு. வாசலுக்குப் போய், ஸ்டாண்டை ஒரு உதை விட்டாள். அறுபத்தெட்டுச் செருப்பும் குவியலாகக் கொட்டின.

மறுநாளிலிருந்து குவியலில் கைக்கு வந்ததைப் போட்டோம். இடது காலில் ஏழாம் எண், வலது காலில் இருபத்தொன்று. மெஷின் பாவம், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் எழுதியது. நான்கே நாளில் பதினோரு பேருக்குச் சிவப்பு. ரஜா போட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒருத்தி மூன்று தடவை கழிப்பறைக்கு வந்ததாகக் கணக்கு.

பிரசன்னா எங்கள் ஓய்வறைக்கே வந்துவிட்டார். "எந்தச் செருப்பு யாரோடதுன்னு நம்பர் போட்டுத்தானே குடுத்தோம்?"

"எங்க வீட்டுல பாத்ரூம் செருப்புக்கு நம்பர் போடுறதில்ல சார்," என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். லூர்து அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சார், ஒரு சந்தேகம்," என்றாள். "போன வருசம் என்னை இறக்குனியளே. அது யாரு வயிறு?"

பிரசன்னா கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. காகிதத்தில் எழுதியிருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான். முகம் சிவக்கச் சொன்னார். ஆளுக்கொரு பாட்டில் கொடுக்கப்படும், அதில் மலம் எடுத்து டாக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் கேட்டுக்கு வெளியே.

இதற்கிடையில் திங்கட்கிழமை வந்தது, என்னைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு லீவு நாளில் பேச்சித்தாயைத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்து, ரத்தம் பார்த்து, அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார்கள்: அதுதான், ஆனால் எலும்பு இன்னும் ஒட்டவில்லை. மாத்திரை, உடற்பயிற்சி, அதில் அடங்காவிட்டால் ஊசி. முதுகுக்குக் கேட்கிற ஊசியில் ஒன்று குடலுக்கு ஆகாதாம், அதனால் குடல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துதான் போட வேண்டுமாம். "சீக்கிரம் வந்துட்டீங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். கக்கூஸ் சொன்னது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. மெஷின் பொய் சொல்லவில்லையே! சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல் மேனேஜரிடம் சொன்னதுதானே கோளாறு.

பாட்டில் கொடுக்கிற நாள் வந்தது. வெள்ளைப் பாட்டிலில் எங்கள் பெயர் ஒட்டியிருந்தது. நாங்கள் வரிசையாகப் போய், கழுவித் துடைத்து மூடிய வெறும் பாட்டில்களைத் தட்டில் வைத்தோம். முப்பத்துநான்கும் வெறும் பாட்டில்.

டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"கம்பெனிக்குக் கொடுக்க எங்ககிட்ட இதுக்கு மேல ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றேன்.

"சரி," என்றார். முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு தட்டை உள்ளே எடுத்துப் போனார்.

கேட்டுக்கு வெளியே போகத் தயாராகத்தான் இருந்தோம். பையில் துணியெல்லாம்கூட எடுத்து வைத்துவிட்டாள் பேச்சி. ஆனால் நான்கு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் காலை எங்களை எல்லாம் கேன்டீனில் கூட்டினார்கள். வெளியே இரண்டு கப்பல் காத்துக்கொண்டிருந்தது. பிரசன்னாவின் சட்டையில் முதல் தடவையாகச் சுருக்கம் பார்த்தேன்.

"லேப் ரிசல்ட் வந்திருக்கு," என்றார். "முப்பத்துநாலு பேருக்கும் சிவப்பு. முப்பத்துநாலு பேருக்கும் குடல் அழற்சி ஒரே எண். ஆயிரத்து நூற்று நாற்பது. இது எப்படி?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெறும் பாட்டிலில் என்ன எண் வரும்?

பின்னால் சுவரோரம் நின்றிருந்த டாக்டர் முன்னால் வந்தார். "எல்லாம் ஒரே ஆளோடது. என்னோடது."



"எனக்கு இந்த வியாதி பதினேழு வருஷமா இருக்கு," என்றார். "கழுத்து ஒட்டிடுச்சு. நான் நாற்காலி வேண்டாம்னு சொல்றது பவிசுக்காக இல்ல, உட்கார்ந்தா எந்திரிக்கிறது கஷ்டம். ஊசி போட்டுக்கிட்டு, நடந்துக்கிட்டு, உங்க எல்லாருக்கும் வைத்தியம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த மெஷின் வந்ததுலேருந்து மத்தியானம் வீட்டுக்குப் போறேனே, சாப்பாட்டுக்குன்னு நினைச்சீங்க. மூணு வருஷமா இந்தக் கேட்டுக்குள்ள நான் கக்கூஸ் போனதில்லை."

லூர்து அக்கா "அட மாதாவே!" என்றாள்.

"எட்டு ஆம்பளைங்களை இறக்கின காகிதத்துல என் கையெழுத்து இருக்கு. லூர்தம்மாளை இறக்கினதுலயும் இருக்கு. மெஷின் கணக்கைத் திருப்பிப் போடுதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். பயம். என் எண்ணை யாராவது பாத்துடுவாங்கன்னு பயம்." அவர் பிரசன்னாவைப் பார்க்க உடம்பைத் திருப்பினார். "இந்த எண் வந்தா இறக்கணும்னா, முப்பத்துநாலு பேரையும் இறக்குங்க. என்னையும் இறக்குங்க. கப்பலை யார் காலி பண்றதுன்னு அப்புறம் பாக்கலாம்."

"நாங்க ஏறல," என்றாள் ஒருத்தி. யார் என்று திரும்பினேன். பேச்சித்தாய். நின்றுகொண்டுதான் இருந்தாள், ஆனால் நடக்கவில்லை. "எனக்குத்தான் சார் அந்த வியாதி. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. மருந்து எடுக்கேன், பெட்டியும் தூக்குதேன். ஜெசிந்தாக்கா ஏறுற அன்னைக்கு நானும் ஏறுதேன். அதுவரைக்கும் ஏறல."

அந்தக் கழுதையை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்தும்விட்டேன்.

இரண்டு நாள் கேன்டீன் தரையில் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் மத்தியானமே ஆண்களும் பூட்ஸைக் கழற்றி எங்கள் குவியலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு கப்பல் நான்காகியது. அப்புறம் மேலிடத்திலிருந்து தாள் வந்தது. மெஷினை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. ரிப்போர்ட் இனிமேல் அவரவர் போனுக்கு மட்டும் போகும், வேறு யார் கண்ணுக்கும் போகாது, அதை வைத்து யாரையும் இறக்கக் கூடாது. லூர்து அக்காவும் நானும் மேலே ஏறினோம். எட்டு ஆண்களில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். மற்ற மூன்று பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டாக்டரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாட்டிலில் மோசடி செய்ததற்கு. அதற்கும் உட்காருகிறோம் என்று சொன்னோம், அவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். "ஒம்பது கையெழுத்துக்கு இது கம்மிதான்மா," என்றார்.

கடைசி நாள் அவர் எங்கள் ஓய்வறைப் பக்கம் வந்து தயங்கி நின்றார். ஆபீஸ் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லையாம், இங்கே போகலாமா என்று கேட்டார். ஆபீஸில் தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். குவியலில் தேடி, ஒன்றாம் எண் ஜோடியை எடுத்து, அவர் குனிய வேண்டாம் என்று காலருகே வைத்தேன். அவர் போய்விட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "மூணு வருஷம்!" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மாதிரி ஒரு நிம்மதியை நான் எந்த மனுஷன் முகத்திலும் பார்த்ததில்லை.

நான் மேலே ஏறி, முதல் பெட்டியைக் கொக்கியில் மாட்டும்போது என் போன் சத்தமிட்டது. கண்ணாடித் தரைக்குக் கீழே, கேட்டைத் தாண்டி அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். பக்கத்துக் கிரேனில் பேச்சித்தாய் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப் பார்த்தேன்.

'ஜெசிந்தா, வயது 41. குடல் அழற்சி: ஆயிரத்து நூற்று நாற்பது. இத்தகவல் தங்களுக்கு மட்டும்.'

அதை நான் இன்னும் அழிக்கவில்லை.